பினாங்கு போன இடத்தில் காய்ச்சல் வந்தால் ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: 9 நவம்பர் 2025, இரவு 10.20

அரையாண்டு விடுமுறைக்கு அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பினாங்கு போகிறோம். டிசம்பர் 24-லிருந்து ஜனவரி 2 வரை. அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பயணக் காப்பீடு வீண் செலவு என்கிறான் என் மச்சான். பத்து நாளில் என்ன வந்துவிடப் போகிறது, காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

10 நவம்பர், காலை 6.05

ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று போன டிசம்பரில் என் கணவரும் சொன்னார். அதே பினாங்கில், டெங்குக் காய்ச்சல் விட்டிருந்த ஒரு காலையில். அவர் சொன்னபடி மறுநாள் விமானம் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

காப்பீடு எடுங்கள். மகனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், மீதியை இரவு எழுதுகிறேன்.

10 நவம்பர், இரவு 9.40

நாங்கள் சென்னை, வேளச்சேரி. என் அத்தை, அப்பாவின் தங்கை, 1986-இல் கல்யாணமாகிப் பினாங்கு போனவர். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி ஒன்றில் ஐந்தாவது மாடியில் இருக்கிறார். எத்தனையோ வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 2024 டிசம்பர் 21 அன்று இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் விட்டதும் டிக்கெட் போட்டுவிட்டோம். 23-ஆம் தேதி திங்கள் காலை போய் இறங்கினோம், நான், கணவர், ஒன்பது வயது மகன்.

முதல் இரண்டு நாள் ஓட்டம்தான். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், லெபோ பாசாரில் வடை. 25-ஆம் தேதி சாயங்காலம் குர்னி டிரைவில் நடந்துகொண்டிருந்தோம். "கண்ணைத் திருப்பினால் கண்ணுக்குப் பின்னால் வலிக்குது" என்றார் கணவர். வெயில், தூக்கமில்லை, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் குளிர் நடுக்கம். அத்தையின் தெர்மாமீட்டரில் 39.4 டிகிரி. முதுகும் கை காலும் முறித்துப் போட்டது மாதிரி வலி. நான் ஊரிலிருந்து கொண்டுபோன மருந்துப் பையைத் திறந்து ஒரு மாத்திரை கொடுத்தேன்.

நான் செய்த தவறு அந்த மாத்திரை. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் சேர்ந்தது. எங்கள் வீட்டில் உடம்பு வலி என்றால் அதைத்தான் போடுவோம். மறுநாள் காலை பக்கத்துத் தெருவில் 24 மணி நேரக் கிளினிக்குக்குப் போனோம். சீன டாக்டரம்மா, ஐம்பது வயது இருக்கும். என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார். பட்டையை எடுத்து நீட்டினேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த அலுமினியத் தாளில் இபுப்ரோஃபென் என்ற எழுத்தை மட்டும் வட்டம் போட்டார். மை ஒட்டவில்லை, இரண்டு மூன்று முறை அழுத்திப் போட்டார். பட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, "இது வேண்டாம், பனடோல் மட்டும்" என்றார். பனடோல் என்றால் அங்கே வெறும் பாராசிட்டமால். டெங்குவில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறையும் நேரத்தில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக் கசிவுக்கு வழி விடும், வயிற்றையும் புண்ணாக்கும். ஒரு மாத்திரையோடு நின்றது எங்கள் நல்ல காலம். வட்டம் போட்ட அந்தப் பட்டை இப்போதும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

ரத்தம் எடுத்து என்.எஸ்.1 என்ற டெங்குச் சோதனை பண்ணினார்கள். அரை மணியில் முடிவு, டெங்கு. நம் ஊர்க் கிளினிக்கைப் போல சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம், அங்கே டாக்டர் பார்த்த இடத்திலேயே மருந்தும் தந்துவிடுகிறார்கள். எல்லாம் சேர்த்து 160 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), அன்றைய கணக்கில் மூவாயிரம் ரூபாய். கூடவே ஓர் அட்டை தந்தார்கள். தினமும் ரத்தம் எடுத்து அதன் எண்ணை எழுத வேண்டிய கட்டங்கள், கீழே வீட்டில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்ற குறிப்பு.

பினாங்குக் கொசு கடித்துத்தான் வந்தது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அத்தை வீட்டு வராந்தாவைப் பார்த்து ஏதோ சொல்லவும் சொன்னேன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பிளேட்லெட் 27-ஆம் தேதி 1,38,000, மறுநாள் 1,02,000, அதற்கு மறுநாள் 71,000. 29 இரவு நன்றாக வியர்த்தது. 30 காலையில் 36.8. அவர் எழுந்து, ஐந்து நாள் தாடியை மழித்து, குளித்துவிட்டு, இடியாப்பத்துக்கு உட்கார்ந்துவிட்டார். எங்கள் விமானம் 31-ஆம் தேதி. "காய்ச்சல் விட்டாச்சு, இனி எதுக்குக் கிளினிக்? ஊர் போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

அத்தைதான் இடியாப்பத் தட்டை மூடினார். "மாப்பிள்ளை, காய்ச்ச விட்டாத்தான் டிங்கிய பாக்கணும். ரெத்தம் எடுத்துட்டு வந்து பசியாறுங்க." அங்கே டெங்குவை டிங்கி என்பார்கள். ஐந்தாவது மாடியிலேயே இரண்டு வீட்டில் அதைப் பார்த்தவர் அத்தை.

கிராப் டாக்ஸியில் போகும்போதே இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கிளினிக் வாசலில் வாந்தி, உள்ளே போய் இன்னும் இரண்டு. எனக்கு வாந்தியைவிடப் பயமாக இருந்தது வேறு. வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளேட்லெட் 38,000. டாக்டரம்மா அதைவிட அடுத்த எண்ணைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது, முதல் நாள் 43, அன்று 51. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகிறது, உள்ளே இருக்கும் ரத்தம் கெட்டியாகிறது, அந்த எண் ஏறுவது அதனால்தான் என்றார். கடிதம் எழுதிக் கொடுத்து, துணி எடுக்கக்கூட வீட்டுக்குப் போகாதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள் என்று அனுப்பினார்.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் அடிக்கும் நேரம் அல்ல. காய்ச்சல் விடுவதையொட்டி வரும் 24 முதல் 48 மணி நேரம். பெரும்பாலும் மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் அது வரும். எங்களுக்கு அது சரியாக விமான நாளில் வந்து விழுந்தது. நடுவானில், நான்கு மணி நேரம், டிரிப் கிடையாது, ரத்தச் சோதனை கிடையாது.

இன்றைக்கு இவ்வளவுதான். கை நடுங்குகிறது.

11 நவம்பர், காலை 7.15

மருத்துவமனையில் என்ன செய்தார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை, அளந்து அளந்து சலைன், அவ்வளவுதான். சில மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்து, எண்ணைப் பார்த்து, சொட்டைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். பிளேட்லெட் ஏற்றவில்லை. நான் அழுது கேட்டேன், என் தம்பி ஊரிலிருந்து போன் போட்டுக் கேட்டான். ரத்தக் கசிவு இல்லாதபோது எண்ணை மட்டும் பார்த்து ஏற்றுவதில்லை என்று இளம் டாக்டர் ஒருவர், தமிழ்ப் பையன், உட்கார்ந்து விளக்கினார். எண்ணைப் பார்த்து நாம்தான் பதறுகிறோம். அவர்கள் பார்ப்பது கை சூடாக இருக்கிறதா, நாடி எப்படி, சிறுநீர் எவ்வளவு.

புத்தாண்டு இரவு என் வேலை பிளாஸ்டிக் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, கோட்டில் அளவு பார்த்து, தாளில் மணியோடு குறிப்பது. 10.10-க்கு 150. 11.30-க்கு 180. பன்னிரண்டுக்கு வெளியே வாணவேடிக்கைச் சத்தம், எதையும் பார்க்கவில்லை. 1.20-க்கு 300 என்று எழுதியபோது வார்டு நர்ஸ் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஜனவரி 2 அன்று 64,000, ஏறுமுகம். வீட்டுக்கு அனுப்பினார்கள்.

11 நவம்பர், இரவு 10.30

பணம். இதில் நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

தனியார் மருத்துவமனையில் சேர்க்கும் முன் முன்பணம் கேட்பார்கள். எங்களிடம் கேட்டது 3,000 வெள்ளி. என் கார்டைத் தேய்த்தால் மறுத்தது, இவர் கார்டும் மறுத்தது. 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும், வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துகொள்ள வேண்டும். என்னுடையது திறந்திருந்தது, ஆனால் ஒரு நாள் வரம்பை முப்பதாயிரம் என்று நானே எப்போதோ வைத்திருக்கிறேன். 3,000 வெள்ளி ஏறக்குறைய ஐம்பத்தேழாயிரம். வங்கிச் செயலியைத் திறந்தால் ஓ.டி.பி. ஊர் எண்ணுக்குப் போகிறது, ஊர் சிம்மை நான் அத்தை வீட்டு மேசையில் கழற்றி வைத்திருக்கிறேன். மாமாதான் கட்டினார். எழுபது வயது மனிதர் கவுன்டரில் நின்று தன் கார்டை எடுத்து நீட்டியது எனக்கு மறக்காது.

ஆகவே கிளம்பும் முன்பே கார்டு வரம்பை ஏற்றுங்கள். ஊர் சிம் போனிலேயே இருக்கட்டும், ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காப்பீடு எங்களிடம் இருந்தது. ஆனால் சேர்க்கும்போதே அவர்களுடைய 24 மணி நேர உதவி எண்ணைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் அவர்களே மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் அனுப்பி நேரடியாகக் கட்டுவார்கள். நான் மறுநாள்தான் கூப்பிட்டேன். 31-ஆம் தேதி நாற்பது நிமிடம் இசை கேட்டேன். கடைசியில் எல்லாவற்றையும் நாங்களே கட்டி, ஊர் வந்து பில்லைக் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. மொத்தம் 6,400 வெள்ளி. பாலிசியில் நாங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை போக மீதி ஏப்ரலில் வந்தது. ஒவ்வொரு ரசீதும், ஒவ்வொரு ரத்த முடிவும், டிஸ்சார்ஜ் தாளும், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கமும் கேட்டார்கள். கிளினிக்கில் தந்த 15 வெள்ளிச் சீட்டைத் தொலைத்துவிட்டேன், அது போனது போனதுதான்.

மச்சானிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எங்கள் மூவருக்கும் சேர்த்துப் பிரீமியம் மூவாயிரத்துக்குள்.

அரசு மருத்துவமனை பற்றிக் கேட்டவருக்கு: பினாங்கு பெரியாஸ்பத்திரி ஜாலான் ரெசிடென்சியில் இருக்கிறது, அவசரத்துக்கு யாரும் போகலாம். ஆனால் மலேசியர் கட்டும் கட்டணம் நமக்கில்லை, வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். அவசர எண் 999.

12 நவம்பர், இரவு 8.50

மொழி பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். தமிழ் பேசும் ஊர்தானே என்று நினைத்துப் போகிறோம். ஆமாம், பேசுகிறார்கள். ஆனால் வார்த்தைகள் வேறு.

வார்டில் காலை மிஸ்ஸி வந்து "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். பசி எடுக்கவே இல்லை என்ற நினைப்பில் இருந்த இவர், "ஆறிடுச்சு, ஆறிடுச்சு" என்றார். சாப்பிட்டுவிட்டார் என்று அவர் எழுதிக்கொண்டார். அங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. மதியம்வரை ஒன்றும் உள்ளே போகவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. மிஸ்ஸி என்றால் நர்ஸ் என்பது எனக்கே இரண்டாம் நாள்தான் பிடிபட்டது.

இதைவிட முக்கியம் மயக்கம் என்ற சொல். நாம் தலைசுற்றினாலும் மயக்கம் என்போம், குமட்டினாலும் மயக்கமாக வருது என்போம், விழுந்தாலும் மயக்கம் போட்டுவிட்டார் என்போம். அத்தை அதை மலாயில் சொன்னபோது விழுந்துவிட்டதாக டாக்டரம்மா எடுத்துக்கொண்டார். எப்போது விழுந்தார், தலையில் அடிபட்டதா என்று கேட்டதில் பத்து நிமிடம் போனது. அதனால் அம்மாவுக்கு ஒன்று என்றால் நடந்ததை மணியோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எத்தனை தடவை வாந்தி, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு. மலாயில் நாலு வார்த்தை போதும்: காய்ச்சல் டெமாம், வாந்தி முந்தா, வயிற்றுவலி சாக்கிட் பெருட், ரத்தம் டாரா.

13 நவம்பர், இரவு 11.45

ஒருவர் கேட்டிருக்கிறார்: "23 காலை இறங்கி 25 சாயங்காலம் காய்ச்சல் என்றால், பினாங்குக் கொசு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

நீங்கள் கேட்டது சரி. 10-ஆம் தேதி இரவு எழுதிய குறிப்பில் தனியாக எழுதுகிறேன் என்றேன், மூன்று நாளாகத் தள்ளிப் போட்டேன். எழுதிவிடுகிறேன்.

மலேசியாவில் டெங்கு என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும், 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் அப்படி. நோயாளி தங்கியிருக்கும் முகவரிக்கு ஆள் வருவார்கள். அத்தை வீட்டுக்கு 28-ஆம் தேதி காலை இருவர் வந்தார்கள், கையில் டார்ச்சும் நீண்ட குழாய் வைத்த உறிஞ்சியும். ஃபிரிட்ஜை இழுத்துப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டைப் பார்த்தார்கள். குளியலறைத் தொட்டி, பூஜை அறைச் செம்பு, வராந்தாவில் துணி காயப்போடும் மூங்கில் செருகும் குழாய், எதையும் விடவில்லை. ஜன்னலோரம் மைலோ பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அத்தை மணி பிளான்ட் வைத்திருந்தார். அந்தப் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி ஒரு நிமிடம் பார்த்தார் ஒருவர். வேர்கள் வெள்ளை வெள்ளையாக, நடுவில் ஏதோ தூசி மிதந்தது. நாங்கள் எல்லோரும் அந்தத் தூசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். புழு இருந்தால் 500 வெள்ளி வரை அபராதம். புழு இல்லை. எங்குமே இல்லை.

ஆனால் மறுநாள் சாயங்காலம் புகை அடித்தார்கள். ஐந்தாவது மாடி முழுக்க எல்லோரும் பாத்திரத்தை மூடி, பிள்ளைகளைக் கீழே இறக்கி, காரிடாரில் நின்றார்கள். யார் வீட்டால் இது என்று எல்லோருக்கும் தெரியும். அத்தை எல்லோரிடமும் "எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பக்கத்தில் நின்று, ஊரில் இப்படிக் கொசு இல்லை அத்தை என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அட்டை போட்ட அன்றே டாக்டரம்மா கேட்டிருந்தார், எப்போது வந்தீர்கள் என்று. 23 என்றேன். எழுதிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது உறைத்தது ஜனவரி 2-க்குப் பிறகு. கடித்த நாளிலிருந்து காய்ச்சல் வர நான்கிலிருந்து பத்து நாள் ஆகும். எங்களுக்கு இரண்டரை நாள்கூட ஆகவில்லை. கடித்தது சென்னையில். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது, வேளச்சேரியில் தண்ணீர் நின்றது. எங்கள் அடுக்ககத்தில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் உடைந்த சிமென்ட் தொட்டி ஒன்று டிசம்பர் முழுக்க நிரம்பியே கிடந்தது. அங்கேதான் இவர் தினமும் காலை ஏழு மணிக்கு வண்டி துடைப்பார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்பும் அதிகம்.

நாங்கள்தான் அந்த வீட்டுக்குக் கொண்டுபோனோம். காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவரைக் கடித்த கொசு ஒரு வாரம் பத்து நாள் கழித்து அத்தையைக் கடித்தால் அத்தைக்கும் வரலாம். கிளினிக்கில் கொசுவலைக்குள் படுக்கச் சொன்னார்கள், அதை மட்டும் ஒழுங்காகச் செய்தோம். ஊர் வந்த பிறகு ஜனவரி முடியும் வரை தினமும் அத்தைக்கும் மாமாவுக்கும் போன் போட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். யாருக்கும் வரவில்லை.

ஆனால் கடித்தது எங்கள் ஊர்க் கொசு என்று அத்தையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. பத்து மாதம் ஆகிறது.

14 நவம்பர், காலை 6.20

ஒரு திருத்தம். பாஸ்போர்ட் உறையில் அந்த அட்டை கிடைத்தது. முதல் இரவு 39.4 இல்லை, 39.1. ஜனவரி 2-ஆம் தேதி 64,000 என்றது சரி. சிறுநீர் அளவு எழுதிய தாளும் உள்ளே மடித்து இருக்கிறது, 1.20-க்கு 300 என்பதும் சரி.

16 நவம்பர், மாலை 5.10

பப்பாளி இலைச்சாறு, நிலவேம்புக் கஷாயம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். யாரோடும் சண்டைக்கு வரவில்லை. அத்தை கீழ்வீட்டு மரத்திலிருந்து இலை பறித்து இடித்துக் கொடுத்தார், இவர் 27, 28 இரண்டு நாளும் குடித்தார். நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். குடிப்பதானால் குடிக்கட்டும், ஆனால் அதைக் குடித்தோம் என்று ரத்தச் சோதனையை ஒரு நாளும் தள்ளாதீர்கள், குமட்டினால் நிறுத்துங்கள் என்றார். இவருக்குக் குமட்டியது, நிறுத்திவிட்டோம். உடம்புக்கு வேண்டியது உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தண்ணீர். கஞ்சித் தண்ணீர், இளநீர், ஓ.ஆர்.எஸ்., அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் 100 பிளஸ் பானம். வெறும் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். போகவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

மீண்டு வரும்போது உடம்பெல்லாம் செக்கச்செவேல் என்று சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டு வரும், உள்ளங்கை அரித்துக் கொல்லும். நான் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்தேன். அது குணமாவதன் அடையாளமாம். இவர் சீப்பின் பல்லை வைத்து உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

இன்னொன்று. டெங்குவில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகை மறுபடி வராது, மற்ற மூன்றும் வரலாம், இரண்டாம் தடவை கடுமையாகும் வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் இனி யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் பாராசிட்டமால் மட்டும்தான்.

19 நவம்பர், இரவு 9.00

திரும்பும் தேதி மாற்றுவது பற்றிக் கேட்டவருக்கு. 2023 டிசம்பர் 1-லிருந்து இந்தியர் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம், அதனால் ஒரு வாரம் நீண்டது எங்களுக்குச் சிக்கலாகவில்லை. முப்பது நாளைத் தாண்டும் போலிருந்தால் மருத்துவக் கடிதத்தோடு முன்னதாகவே குடிநுழைவு (இமிகிரேஷன்) அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், விமான நிலையத்தில் போய் விளக்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். போகும்போது டிஜிட்டல் வருகை அட்டையை இறங்கும் நாளுக்கு முந்தின மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அதில் தங்குமிட முகவரி சரியாக இருக்கட்டும். நாங்கள் ஜனவரி 8 அன்று கிளம்பினோம். பறக்கலாம் என்று டாக்டர் எழுதித் தந்த சான்றை விமான நிறுவனம் கேட்டு வாங்கியது.

23 நவம்பர், காலை 10.15

இழையைத் தொடங்கியவர் காப்பீடு எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். ரொம்ப நிம்மதி. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு என்று விண்ணப்பத்தில் சொன்னீர்களா? சொல்லாமல் விட்டிருந்தால் இன்றே போன் செய்து சேர்க்கச் சொல்லுங்கள், பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை. முன்பே உள்ள நோய்க்கு எது வரைக்கும் தருவார்கள் என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அம்மாவின் மாத்திரைகள் கைப்பையில். பெட்டியில் போடாதீர்கள். பத்து நாளுக்குப் பதினேழு நாள் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்குங்கள், நம் ஊர்க் கம்பெனிப் பெயர் அங்கே பல கடையில் தெரியாது. டோலோ என்று கேட்டால் முழிப்பார்கள், பனடோல் என்றால் எடுத்துத் தருவார்கள். ஆன்டிபயாட்டிக் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. சர்க்கரை உள்ளவருக்குக் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் வழக்கமான மாத்திரையைத் தொடரலாமா நிறுத்தலாமா என்பதை உங்கள் டாக்டரிடம் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் இரவு இரண்டு மணிக்குக் கேட்க ஆளிருக்காது.

போகும் முன் உங்கள் வீட்டு மொட்டை மாடியையும் ஒரு தடவை பாருங்கள். எங்கள் அடுக்ககத்துச் சிமென்ட் தொட்டியை ஜனவரியில் நானே ஆள் வைத்து உடைத்துப்போட்டேன்.

7 டிசம்பர், இரவு 10.05

இன்று அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, ஊரெல்லாம் தெரிந்த பிறகு அத்தைக்கு மட்டும் தெரியாதா என்று தம்பி கேட்டான். அதற்கப்புறம் தாங்கவில்லை. அத்தை, மாப்பிள்ளையைக் கடிச்சது உங்க வீட்டுக் கொசு இல்லை, எங்க வீட்டுத் தொட்டியில இருந்துதான் வந்திருக்கு, நாள் கணக்கு அப்படித்தான் வருது என்றேன். புகை அடித்த அன்று நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப அந்த மணி பிளான்ட்டுல ஒண்ணும் இல்லதான?" என்று கேட்டார்.

இல்லை அத்தை, அன்றைக்கே இல்லை என்றுதானே சொன்னார்கள் என்றேன். நாங்கள் கிளம்பிய மறுநாளே அதைப் பாட்டிலோடு குப்பைக் குழாயில் போட்டுவிட்டாராம். எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் வளர்த்த கொடி. ஒரு துண்டு கீழ்வீட்டுக்குக் கொடுத்திருந்தாராம், அது இப்போது அவர்கள் வராந்தாக் கம்பி முழுக்கப் படர்ந்திருக்கிறதாம். நாளைக்குப் போய் இரண்டு கணு கேட்டு வாங்கி வருகிறேன், இந்தத் தடவை மண்ணில் வைக்கிறேன் என்றார்.

மாமா பின்னாலிருந்து யாருக்குக் காய்ச்சல் என்று கேட்பது போனில் கேட்டது.